மூன்றாம் மாடி சிங்க்

சத்தமே இல்லையா, முனகுகிறதா?
அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.
"தீதி, மெஷின் செத்துப்போச்சு" என்கிறார் ஷிப்ரா,
தெரிந்த பதினாலு தமிழ்ச் சொல்லில்
இரண்டைச் செலவழித்து.
இந்த லாட்ஜில் அந்தச் சொல்லை
யாரும் இவ்வளவு லேசாகச் சொல்வதில்லை.

தோட்டப்பாளையம். சித்திரை. ஏழு மணிக்கே சுவர் சுடுகிறது.
எலக்ட்ரீஷியன் ஞானசிகாமணி
வாலாஜாவில் கல்யாண மண்டபத்தில் இருக்கிறானாம்.
வருவான். எப்போது என்று கேட்கக் கூடாது.

மீன் முள், டீத்தூள், ஏழு குடும்பத்து மிச்சச் சோறு
குழாயை அடைத்து அடைத்து
இரண்டாம் மாடிக் கூரை ஒழுகியதால்
முதலாளி நிசார் பாய் ஏதோ ஓட்டல் ஏலத்தில்
எடுத்துவந்து மாட்டினார் இதை:
தொட்டிக்கு அடியில் தொங்கும் ஒரு வயிறு.
போடுவதைக் கூழாக்கி அனுப்பும்.
ஆறு மாதம் அனுப்பியது.

சுவிட்சைப் போட்டேன். மூச்சில்லை.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று எங்கள் ஊரைக் கேலி பேசுவார்களே,
அந்த வரிசையில் இதையும் சேர்க்கலாம்.

குனிந்து பார்த்தால் பிளக்கே மாட்டியிருக்கவில்லை.
அந்த இடத்தில் நாலாம் அறை மஹதோவின் போன்
நிதானமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.
ஊரிலிருந்து பணம் வருகிற போன்.
துடைத்து ஜன்னலில் வைத்தேன்.

பிளக்கைச் சொருகினேன்.
இப்போது முனகல்,
மயக்கம் தெளியாத ஆளைப் போல.
முனகல் நல்லது.
கரண்ட் வருகிறது, எதுவோ தடுக்கிறது, அவ்வளவுதான்.
ஆனால் விட்டுவைத்தால் மோட்டார் கருகும்.
அணைத்தேன். பிளக்கையும் பிடுங்கினேன்.
பிடுங்காமல் கை விடுகிறவர்களுக்குத்
தெருக்கோடியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது,
டோக்கனுக்கு மட்டும் விடிகாலை நாலுக்கு எழ வேண்டும்.

வாசலில் நான்கு மொழியில் விசாரணை.
மீன் தலை என்றது சைவக் குடும்பம்.
முருங்கைச் சக்கை என்றது மீன் குடும்பம்.
முருங்கை சமைத்தது நான்.
பேசாமல் இருந்தேன்.

அடிவயிற்றின் நடுவில் ஆறு மூலை ஓட்டை.
அதற்கான சாவி ஏலத்தோடு வரவில்லை.
என் மகன் சைக்கிள் சீட்டை இறுக்குகிற சாவி
அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.
வலப்பக்கம் கால் சுற்று. நின்றது.
இடப்பக்கம் கால் சுற்று. நின்றது.
வலம், இடம், இன்னும் கொஞ்சம் வலம்,
வாடகை பாக்கிக்காரரிடம் பேசுவது போல.
பிறகு ஒரு
கிளுக்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இடுக்கியை உள்ளே விட்டேன்.
முள்ளும் இல்லை, முருங்கையும் இல்லை.
பிளாஸ்டிக் மூடி.
டானிக் அளக்கிற மூடி,
ஐந்து மில்லிக் கோடு இன்னும் அழியாமல்.

விசாரணை நின்றுபோனது.

டானிக் குடிக்கிற குழந்தை
இரண்டாம் அறையில் மட்டும்தான் இருந்தது.
புதன்கிழமை ராத்திரி காலி செய்தார்கள்.
ஆட்டோ வந்தபோது நான் கீழே இல்லை,
தண்ணீர் நிரம்பிவிட்டதா பார்க்க மொட்டை மாடியில் நின்றேன்.
மூன்று பேராக ஏறினார்களா, இரண்டு பேராகவா
என்று யாரிடமும்
கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பிளக், சுவிட்ச். மறுபடி மௌனம்.
பயப்பட ஒன்றுமில்லை.
அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது,
சூடு தாங்காவிட்டால் தானே வெளியே துருத்தும்.
பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்த வேண்டும்.
பத்து நிமிஷமும் ஷிப்ரா என் பக்கத்தில்
தரையில் உட்கார்ந்திருந்தார்,
மிச்சமிருந்த பன்னிரண்டு சொல்லில்
ஒன்றைக்கூட எடுக்காமல்.

அழுத்தினேன். குழாயைத் திறந்தேன். ஓடியது.
வாழைக்காய்த் தோல், டீத்தூள், நேற்றைய சோறு,
எல்லாம் போனது.

மஹதோ வந்து போனைத் தேடினார்.
இருபத்துமூன்று சதவீதம்.
இனி என் அறையில் போடுங்கள் என்றேன்.

மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி
ரிஜிஸ்டர் வைக்கிற அலமாரியில் வைத்திருக்கிறேன்.
கேட்டு வந்தால் கொடுக்க வேண்டுமே.