இடது காது

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
வாழைக்குலை லாரிகள் திரும்பும் முடுக்கில் எங்கள் ஸ்கேன் மையம்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் மெஷின் ஓயும்.
அப்புறம்தான் என் இரண்டாவது வேலை.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு நானூறு தலைகள் வேண்டும்.
மூளை மட்டும். ஆள் வேண்டாம்.
பெயரை எடு, பிறந்த தேதியை எடு, ஊரை எடு,
முகத்தையும் எடு என்று
ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

நாலாம் பக்கம் வரை யார் வாசிக்கிறார்கள்.
பெயர் போனால் ஆளும் போச்சு என்றுதான் இருந்தேன்.
ஒருநாள் சும்மா
சீவல் சீவலாய்க் கிடந்த படங்களை அடுக்கி
ஒரு பொத்தானை அமுக்கினேன்.
இருட்டுக்குள்ளிருந்து மூக்கு எழும்பி வந்தது.
பிறகு உதடு. மூடிய இமை.
மயிர் இல்லை, பொட்டு இல்லை, நிறம் இல்லை,
பிசைந்த மாவில் செய்து வைத்தாற்போல ஒரு பெண்.
எனக்கு அவளைத் தெரியாது.
அவளுடைய கல்யாண போட்டோ எங்காவது இருக்கும்,
இரண்டையும் பொருத்திப் பார்க்க
இப்போதெல்லாம் மனுசக் கண்ணே தேவையில்லை.

அதற்குள் முப்பது தலைகள் முகத்தோடேயே போய்விட்டன.
எட்டாவது என்னுடையது.
மெஷின் வந்த புதிதில் சோதித்துப் பார்க்க
யாராவது படுக்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து ஒழுங்காகச் செய்கிறேன்.
நெற்றி முதல் தாடை வரை மென்பொருள் வழித்தெடுக்கும்.
சுளை எடுத்த சக்கை மாதிரி ஒரு குழி மிஞ்சும்.
பச்சை டிக் விழும்.
நாற்பத்தாறு. டிக்.
நாற்பத்தேழு. டிக்.

நாற்பத்தேழில் காது அப்படியே இருந்தது.
இடது காது. மடல் நடுவே பிளந்து
மீன் வாய் திறந்தாற்போல இரண்டு நுனி.

இதன்மேல் ஒரு நீலப் பேனா இருக்க வேண்டுமே
என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான்
என்ன நினைத்தேன் என்று தெரிந்தது.

காலை ஏழு இருபது ஆனவண்டி.
பாறசாலை தாண்டினால் நிற்கத்தான் இடம்,
கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு அந்தக் காது வரும்.
சின்னதில் நாய் கடித்தது என்று
யாரிடமோ சிரித்தபடி சொன்னார் ஒருதடவை.
சட்டையில் பெயர்த்தகடு: புஷ்பாங்கதன்.

பதிவேட்டைத் திறக்கக் கூடாது.
திறந்தேன்.
ராபின்சன், ஐம்பத்தொன்று, அருமனை.
போன் நம்பர் கட்டத்தில் பத்து பூஜ்யம்.
எல்லை தாண்டி வந்து ரொக்கமாய்க் கட்டி
இன்னொருவர் பெயருக்குள் ஏறிப் படுத்திருக்கிறார்,
இந்தப் பக்கத்தில் தன்னை யாருக்குத் தெரியும் என்று.
அன்றைக்கு எனக்கு லீவு.

படத்தில் வேறொன்றும் இருந்தது.
அதை இங்கே எழுத மாட்டேன்.

காதைக் கையால் அழித்தேன்.
ஒவ்வொரு சீவலாக, அறுபது சீவல்.
பிளவு இருந்த இடத்துக்கு வந்தபோது
சுண்டெலியின் மேலிருந்த கை கொஞ்சம் நின்றது,
வலிக்குமோ என்பது போல.
மணி ஒன்றரை.

காலையில் பஸ்ஸில் சரியான சில்லறை வைத்திருந்தேன்.
"இன்னைக்கு ஒறக்கம் இல்லியோ?" என்றார்.
கேட்டுவிட்டுப் பின்னால் போனார்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வேண்டாத இடத்தில் போய் நின்றுவிட்ட என் கண்ணை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ரப்பர் மரங்கள், சிரட்டைகள், ஒரு பள்ளிக்கூடம்.
சொல்லலாமா? எதைச் சொல்ல, எந்தப் பெயரிடம்?

இதை வாசித்துவிட்டு நாளைக்கு
ஏழு இருபதில் ஏறிக் காது பார்க்க நினைப்பவர்களுக்கு:
பெயர்கள் இரண்டையும் மாற்றியிருக்கிறேன்.
நேரத்தை மாற்றியிருக்கிறேன்.
நாய் இல்லை, வேறு காரணம்.
இடதா என்று கேட்காதீர்கள்.
ஆனவண்டி மட்டும் அப்படியே இருக்கிறது.
அது நிறைய ஓடுகிறது.