வாசல் ஆணி

முதலில் பிரேக்கரை இறக்கினேன்.
மூன்று கம்பியிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன்,
இறக்கியது நானே என்றாலும்.
இந்தத் தொழிலில் என் கையை நானே நம்புவதில்லை.

நாரினில் அன்று மைனஸ் இருபத்தாறு.
ஆறு பேச்சை நிறுத்தி ஒரு வாரம்.
பூபூசாரா அடுக்களை ஸ்டூலில் ஏறி நின்று
கோட்டைக் கழற்றாமலே டார்ச் பிடித்தாள்.
மின் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பவள்.
எந்த வீட்டில் யார் எத்தனை யூனிட் குளிர்கிறார்கள் என்பது
அவளுக்கு மனப்பாடம்.

கணவன் எசென்கூலுக்குக் கரி லாரி.
தொலோன் கணவாய் தாண்டி பிஷ்கெக் வரை போவான்.
ஊருக்கெல்லாம் கரி ஏற்றுகிறவன் வீட்டில்
கரண்ட் பாய்லரா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.
"அவன் சட்டையை ஒருநாள் துவைத்துப் பார்" என்றாள்.

ரேடியேட்டர்களில் காற்று அடைத்திருந்தது.
சாவியைத் திருப்பினேன்.
சீறியது, துப்பியது,
பிறகு ஒழுங்காக அழுதது.
பிரஷர் முள் ஒன்றரையில் நின்றது.
சென்சாரை நடைச் சுவரில் தோள் உயரத்தில் பொருத்தினேன்,
அடுப்புக்கும் தள்ளி, சன்னலுக்கும் தள்ளி.
எங்கே தொங்குகிறதோ
அந்த ஒரு சாண்தான் அதற்கு வீடு.

"பத்தொன்பதில் வை."
வைத்தேன்.
"பக்கத்தில் என்ன இன்னொரு எண்?"

இடைவெளி, என்றேன்.
பத்தொன்பதில் அணைந்தால்
பதினேழுக்கு இறங்கும்வரை வாய் திறக்கக் கூடாது.
இடைவெளியே இல்லையென்றால்
ரிலே விடிய விடியத் தொணதொணத்து
ஒரே மாதத்தில் முனை கருகிப் போகும்.
"எங்கள் முதல் வருஷம் மாதிரி" என்றாள்.
சிரிக்கவில்லை.
இரண்டு டிகிரியை அவளே அழுத்தி வைத்தாள்.

அப்புறம் கேட்டாள்:
"இது நீ இருப்பதால் பத்தொன்பது.
நான் தனியாக இருந்தால் பன்னிரண்டு போதும்.
அவன் வருகிற ராத்திரி மட்டும் வீடு சூடாக வேண்டும்.
நாள் சொல்ல முடியாது,
கணவாய் திறந்தால் வருவான்.
அதற்கு எந்தப் பொத்தான்?"

கையேட்டைப் புரட்டினேன், ஒரு மரியாதைக்கு.
திங்கள் உண்டு, செவ்வாய் உண்டு,
காலை ஆறு, இரவு பத்து உண்டு.
கணவாய் திறந்தால் என்றொரு கட்டம்
இல்லை.

மார்ச்சில் மறுபடி கூப்பிட்டாள்.
கணக்குத் தாளில் விரல் வைத்துக் காட்டினாள்.
எல்லா நாளும் சிக்கனம்,
சில ராத்திரிகள் மட்டும் பாய்லருக்குப் பைத்தியம்.
ரிலேயைத் திறந்தேன், முனைகள் சுத்தம்.
ஹீட்டர் மூன்றும் நலம்.
வயர், திருகு, டெர்மினல்,
எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்தபோது
எனக்கு ஊற்றிய தேநீர் ஆறியிருந்தது.

கதவு திறந்தது.
எசென்கூல் உள்ளே வந்து தலையசைத்தான்,
கணவாயின் குளிரெல்லாம் ஊறிய
ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி
ஆணியில் மாட்டினான்.

ஆணி.
டிசம்பரில் அது அங்கே இல்லை.
கோட்டின் வலது கை
சென்சாரை முழுக்கப் போர்த்தியிருந்தது.

பதினொன்று. ஒன்பது. ஏழு.

டிக்.

சுவருக்குப் பின்னால்
ஒன்பது கிலோவாட்டும் எழுந்து உட்கார்ந்தன.

ஆணியை ஓரடி தள்ளி அடித்தால் போதும் என்று
சுத்தியலைக்கூட எடுத்துவிட்டேன்.
அவள் தாளிலிருந்த தேதிகளை
வாய்க்குள் ஒருமுறை படித்தாள்.
"அவன் வந்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான் உஷ்ணம்,
பாய்லர் என்று நினைக்கவில்லை."
தாளை மடித்தாள், நான்காக, எட்டாக.

"எவ்வளவு தரணும்?"
நான் ஒன்றும் செய்யவில்லையே.
"அதற்குத்தான்" என்று
என் கருவிப் பைக்குள்
போர்சோக் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

நான் பூட்ஸ் மாட்டும்போது
சன்னல் வியர்த்திருந்தது.
எசென்கூல் ஸ்வெட்டரையும் கழற்றிக்கொண்டிருந்தான்.