கடைசிக் குழி

முதல் வருஷம் மலம் கேட்டு டப்பா கொடுத்தோம்.
நூறு டப்பா போய்
முப்பத்தொன்று திரும்பியது.
கண்டனூரில் ஒரு வீட்டார்
ஒருவர் கழித்ததை ஐந்தாகப் பிரித்து
ஐந்து பேர் பெயரும் எழுதி அனுப்பியிருந்தார்கள்,
பங்காளிகளுக்குப் பாகம் வைத்த மாதிரி
கூடாமல் குறையாமல்.

இந்த வருஷம் சிறுநீர் போதும் என்றோம்.
அதுக்கென்ன, தர்றோம் என்றார்கள்.
ஐஸ் பெட்டியில் வந்து இறங்கியது
காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு:
வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள்,
தண்ணீர் குடிக்க நேரமில்லாத சூளை ஆட்களுடையது
தேன் நிறம்.

புழுவை நான் தேடவில்லை.
அது குடல் சுவருக்குள் இருக்கிறது,
தறியில் தொலைந்த இழை போல.
தின்றும் முட்டையிட்டும்
அது உதறிய துணுக்கு
ரத்தத்தில் கலந்து, சிறுநீரில் வடிந்து,
இங்கே வரும்.
ஆன்டிஜென் என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறோம்.
பூட்டிய வீட்டில் ஆள் உண்டா என்று
கதவைத் தட்டுகிறவர்கள் தட்டட்டும்.
நான் பின்தெருச் சாக்கடையில்
சோற்றுப் பருக்கை மிதக்கிறதா என்று
குனிந்து பார்க்கிறவள்.

போன ஆடியில் செல்லக்கண்ணு வந்தார்.
சூளைக்காரர். இளைப்பு.
ஸ்டீராய்டு போட்டதும் மூச்சு சீரானது,
வார்டில் எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார்.
முப்பது வருஷமாய் அடங்கிக் கிடந்தது
காவல் எழுந்து போனதைக் கண்டுகொண்டது.
ஒன்பதாம் நாள்
அவர் சளியை ஸ்லைடில் வைத்தேன்.
நெளிந்தது.
அந்த வாரம்தான் டாக்டர் உமையாள்
இந்தத் தட்டு கேட்டு எழுதிப் போட்டார்.

பல்லாங்குழிக்குப் பதினாலு.
இதற்குத் தொண்ணூற்றாறு குழி.
குழிக்கு இரண்டு சொட்டு.
காத்திரு, கழுவு, கவிழ்த்துத் தட்டு,
மறுபடி கழுவு.
கடைசிக் குழிக்கு
நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும், ஒப்பிட.
யாரைப் போய்க் கேட்பது,
என்னுடையதையே விட்டேன்.

பத்து நிமிஷத்தில் நீலம் பூக்கும்.
மூன்றாம் வரிசையில் ஒன்று,
ஐந்தில் அடுத்தடுத்து நாலு
(அதே கண்டனூர் வீடு,
இந்த முறை உண்மையாகவே ஆளுக்கு ஒன்று),
இளைப்புக்கு மருந்து எழுதக் காத்திருக்கும்
ஆண்டிச்சியுடையது நல்ல நீலம்.
வார்டுக்கு ஓடிப்போய்
ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால்
கடைசிக் குழி.

கை தவறியிருக்கும் என்றேன், சுவரிடம்.
மறுநாள் புதுக் கப், புதுத் தட்டு.
அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளானது.
மஞ்சளாய்ப் போனது
மஞ்சளாகவே திரும்பிவந்து
என் பெயரைச் சொன்னது.

இடுப்பில் ஓடி ஓடி மறையும் தடிப்பு.
பதினெட்டு வருஷமாய்ப்
பாவாடை நாடாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
நாடா மாற்றினேன், சோப்பு மாற்றினேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
முந்திரிக்காட்டில் வெறுங்காலோடு ஒதுங்கின
ஈரச் செம்மண்ணை
ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

எடைக்கு மூன்றரை மாத்திரை.
வெறும் வயிற்றில் விழுங்கினேன்.
ரிஜிஸ்டரில் எனக்கும் ஓர் எண் போட்டேன்,
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு
பிறகு எழுதினேன்.

அடுத்த தட்டு திங்கட்கிழமை.
வராந்தாவில் நின்று கேட்டேன்:
ஒரு கப் வேண்டும்,
புழுவே இல்லை என்று உறுதியாய்த் தெரிந்த ஆள்
யாராவது இருக்கிறீர்களா?

நர்ஸ், மருந்தாளர், ஆம்புலன்ஸ் டிரைவர், டாக்டர் உமையாள்,
எல்லோரும்
அவரவர் காலைக்
குனிந்து பார்த்தார்கள்.