மாட்டை எங்ஙன கட்ட

ஐப்பசி பிறந்ததும் பணகுடியில் காற்று லீவு போட்டுவிடும்.
காற்றாலைகள் கை விரித்தபடி சும்மா நிற்கும்.
ஏறிப் பார்க்க வேலையில்லாத ஒரு ராத்திரி
தஸ்நேவிஸ் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"வே, பஸ் ஓட்டுற அந்த கேம்ல
நம்ம ஊரு பஸ்ஸப் போடணும்.
ஒரு மாட் இறக்கி வச்சிருக்கேன்.
மாட்டை எங்ஙனவே கட்ட?"
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

போன வருசம் ஒரே ராத்திரியில்
பதினோரு மாட்டை ஒரே முளையில் கட்டியவன் நான்.
மழை மாட், ஹாரன் மாட், குண்டும் குழியுமான ரோடு மாட்,
கொக்கிரகுளம் ஆற்றுப்பாலம்,
கண்டக்டர் விசிலுக்கென்று தனியாக ஒன்று.
காலையில் திரை கறுப்பு.
பதினொன்றில் எது முட்டியதென்று
இன்றுவரை தெரியாது.
அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன் தஸ்நேவிஸ்,
ஒரு பஞ்சர்கூட இல்லாமல்.
மறுபடி திறந்தால் டிப்போவில் முதல் நாள்,
புது யூனிஃபார்மில் நிற்கிறேன்.

அதனால் முதலில் உன் சேவ் எங்கே கிடக்கிறதென்று பார்.
பென்டிரைவில் ஒரு பிரதி எடு.
பெயரில் தேதி போடு.
"பழசு" என்று போடாதே,
அப்புறம் "பழசு ரெண்டு", "ரொம்பப் பழசு", "இதுதான் பழசு"
என்று நான் தேடிய மாதிரி தேடுவாய்.

பார்த்தோம். அவன் ஓட்டியிருந்தது பதினாலு கிலோமீட்டர்.
"இதுக்காவே இவ்வளவு?" என்றான்.
ஆனாலும் எடுத்தான்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில்
பல்லைப் பார்க்காமல் எவன் மாடு பிடிக்கிறான்?
இதற்குப் பல், வெர்ஷன் நம்பர்.
போன வருச கேமுக்குச் செய்தது இந்த வருச கேமில் உட்காராது.
முப்பதாம் நம்பர் போல்ட்டை முப்பத்தாறில் முறுக்கினால்
என்ன ஆகுமென்று உனக்கே தெரியும்.

எங்கே இறக்கினாய்?
பச்சைப் பொத்தான் மூன்று மினுக்கியிருக்குமே,
மூன்றும் பொய். நிஜம்
கீழே சாம்பல் நிறத்தில், சின்னதாய்.

காட்டு.
பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன்
நாலு படம் கொடுத்தால் போதாதா?
இதன் வால் டாட் எக்ஸி என்று முடிகிறது.
ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்று வேறு எழுதியிருக்கிறான்.
நாயைக் கட்டிப்போட்டு வாசலைத் திறந்து வை
என்று சொல்லியனுப்பிவிட்டு வருகிற விருந்தாளியை
கூத்தங்குழியில் உங்கள் வீட்டில் உட்கார வைப்பீர்களா?

அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான்.
இந்த ஆள் இருக்கிறானே,
எண்பது மீட்டர் உயரத்தில்
ரோட்டருக்குப் பூட்டுப் போட்டு,
சிவப்பு அட்டை தொங்கவிட்டு,
சாவியைத் தன் பையில் வைத்த பிறகுதான் மூக்கைச் சொறிவான்.
கீழே நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்
எதைக் கேட்டாலும் யெஸ், யெஸ், யெஸ்.

வேறொன்று கிடைத்தது. செய்தவன் பெயர் இருந்தது,
தேதி இருந்தது, வெர்ஷன் பொருந்தியது.
கூட வந்த ரீட்மியை அவனே சத்தமாக வாசித்தான்,
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் படிக்கிற குரலில்:
"இதற்கு முன் சக்கர மாட் தேவை."
படிக்காமல் போட்டிருந்தால்
சக்கரமில்லாத பஸ் தரைக்கு மேலே மிதந்திருக்கும்.

சக்கரம் போட்டு, டிப்போவைச் சுற்றி ஒரு நடை ஓட்டி,
நிறுத்தி, வெளியே வந்து,
அப்புறம்தான் பஸ்.

ஒன்றரை மணிக்கு வந்து நின்றது.
நிறம் சரி. பக்கவாட்டில் அப்பிய சேறுகூடச் சரி.
போர்டில்தான், எழுத்துரு இல்லாமல்,
கூத்தங்கு வரை வந்து
கடைசியில் வெறும் கட்டம்.
அவன் ஊரின் கடைசி எழுத்து ஒரு பெட்டிக்குள்.

"எழுத்துக்கும் ஒரு மாட் இருக்கு," என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"கெடக்கட்டும் வே. போர்டப் பாத்தா ஏறுதோம்?
டிரைவர் மூஞ்சியப் பாத்துல்லா ஏறுதோம்."

சொல்லிவிட்டு
பென்டிரைவைத் திரும்பச் சொருகினான்.
பதினேழு கிலோமீட்டர் ஆகியிருந்தது.
பெயர் கேட்டது.
தேதியை அடித்தான்.