உள்தாழ்ப்பாள்

அவிலெஸில் மழை நின்றால்தான் சேதி.
அன்றும் பெய்துகொண்டிருந்தது.
நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது,
டிரில்லும் பெட்டியுமாக மூச்சு வாங்க ஏறினேன்.

பூட்டு என்றால் வாசலுக்குத்தான் கூப்பிடுவார்கள்.
அஸுசேனா காட்டியது படுக்கையறைக் கதவை.
உள்பக்கம் போடுங்கள் என்றாள்.
பூனை நுழைந்துவிடுகிறது என்றாள்.
அந்த வீட்டில் பூனைக்கு ஒரு கிண்ணமில்லை,
சோபாவில் ஒரு ரோமமில்லை.
பூட்டுக்காரன் பூனையைப் பற்றி விசாரிப்பதில்லை.

கதவில் மீன்கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி,
முழங்கால் உயரத்தில்.
யார் மாட்டுவார்கள் அவ்வளவு தாழ்வாக?
டிரில் அதிர்ந்ததில் அது நழுவி விழுந்தது.
பின்னால் ஓட்டை.
நாற்பத்துமூன்றாம் நம்பர் ஷூ
என்று என் கண் அளந்துவிட்டது, தொழில் புத்தி.
அவள் குனிந்து எடுத்தாள்,
கசங்கிய ஓரத்தை நீவினாள்,
அதே ஆணியில் மறுபடி மாட்டினாள்.

"கணக்கில் கெட்டி" என்றாள்
நான் ஒன்றும் கேட்காமலே.
"பத்து வயதுவரை என் விரலைப் பிடித்தால்தான் தூக்கம்."

பிறகு ஸ்க்ரூ இறங்குகிற வேகத்தில்
கொஞ்சம் கொஞ்சமாக:
பள்ளியில் நாலு பேர் அவனைக்
குப்பைத்தொட்டிக்குள் உட்காரவைத்துப் படமெடுத்தது,
அன்றிரவு சூப் ஆறிவிட்டதென்று
தட்டு பறந்தது.
உருக்காலையில் ஆள் குறைத்த வருடம்,
எவரிஸ்தோ பகலெல்லாம் வீட்டிலிருந்த வருடம்,
எவரிஸ்தோ போன வருடம்.
விடியும்வரை ஃபோன். பிடுங்கினால் என் மணிக்கட்டு.
அவன் சட்டையில் அந்தப் பச்சைப் புகை வாசனை.
ஏழு மாதம் கழித்து நாள் கொடுத்த மருத்துவர்.
"எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தேன், அதனாலா?
ஒரு தடவை அறைந்தேன், அதனாலா?"

என்னைப் பார்த்தாள்,
இத்தனை சாவி வைத்திருப்பவனுக்கு
இதற்கும் ஒன்று இருக்கும் என்பதுபோல.

நான் நிலைச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.
விரலுக்குத் தட்டுப்பட்டது:
பழைய தாழ்ப்பாள் ஒன்றின் நான்கு துளைகள்,
மரத்தூள் அடைத்து, மேலே இரண்டு பூச்சு வெள்ளை.
இந்தக் கதவுக்கு நான் முதல் ஆள் இல்லை.

அப்போதுதான் அவன் வந்தான். பெலாயோ.
பதினைந்து வயது, ஈரப் பை,
அம்மாவின் தோளுக்கு மிஞ்சி ஒரு தலை.
மரியாதையாக எனக்கு மாலை வணக்கம் சொன்னான்.
விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.
தாழ்ப்பாளைப் பார்த்தான்.
"எதுக்கு?"
"பூனை" என்றாள் அவள்.
"ம்."

சமையலறையில் பால் குடிக்கிற சத்தம்.
திரும்பி வந்தான்.
பூசி மறைத்த துளைகள் மேல்
சரியாக, தேடாமல், விரலை வைத்தான்.

"இங்கே முன்னாடி ஒண்ணு இருந்தது.
நான்தான் போடுவேன், ஸ்டூலில் ஏறி.
அப்பா தட்டும்போது
அம்மா என் காதைப் பொத்துவாள்.
பொத்தினாலும் கேட்கும்."

என்னிடம்தான் சொன்னான்.
அவளிடம் அல்ல.
அவள் என் பெட்டியிலிருந்த ஸ்க்ரூக்களை
ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.
தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான்,
அறையவில்லை, சாத்தினான்.
அவள் தோள்கள் என்னவோ நடுங்கித்தான் அடங்கின.

முப்பத்தெட்டு யூரோ.
சில்லறையாகக் கொடுத்தாள், பர்ஸ் தலைகீழாகும்வரை.
வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு
மெதுவாகக் கேட்டாள்:
"வெளியிலிருந்து திறக்க வழி உண்டா?
ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் கண்டால்?"

இல்லை என்றேன்.
உள்தாழ்ப்பாளுக்குச் சாவி கிடையாது, அம்மா.

இரண்டாம் மாடி வரும்போது மேலே சத்தம்:
போடுகிறார்கள். எடுக்கிறார்கள். போடுகிறார்கள்.
யார் கை என்று தெரியவில்லை.

மட்டம் பார்க்கும் கருவியை
அவள் கட்டில்மேலேயே மறந்திருக்கிறேன்,
வண்டியில் ஏறிய பிறகு ஞாபகம் வந்தது.
நல்ல கருவி, ஜெர்மன் சரக்கு.
வைப்பர் ஓட, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
திரும்ப ஏறவில்லை.