சூடேறப் பொறுத்தல்

மைனஸ் முப்பத்திரண்டு.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
ஆட்டுத்தோல் அங்கியில் சுற்றிய கணினியைக்
கைக்குழந்தைபோல் ஏந்தி
கான்தொமூர் உள்ளே வந்தார்.
எல்லைக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் லாரிக்காரர்.
பெயரில் பாதி எஃகு, மீதி இரும்பு.
மேஜையில் வைத்த கையோடு
பிளக்கைத் தேடினார்.

தொடாதீர்கள்.
வெளிக்குளிரில் கிடந்த தகடு
அறைக்காற்று பட்டதும் வியர்க்கும்.
பாருங்கள், பக்கவாட்டில் இப்போதே பனிப்பூ.
உள்ளே மதர்போர்டிலும் அதே கதை.
இந்த ஈரத்தில் மின்சாரம் விட்டால்
என் வேலை பழுது பார்ப்பதல்ல,
மரணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து.
இரண்டு மணி நேரம் கிடக்கட்டும்.
ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்;
உலான்பத்தாரில், சூடேறப் பொறுக்க வேண்டும்.

வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
அணைத்துவிட்டு வரலாமே என்றேன்.
அணைத்தால் அது வசந்தத்தில்தான் கிளம்பும் என்றார்.

உப்புப் போட்ட பால் தேநீர் ஊற்றினேன்.
கோப்பையைச் சுற்றி விரல்கள்
மறுபடி விரல்களாகக் கொஞ்ச நேரமானது.
மகள் அனுஜின் புசானில், மீன் டப்பா ஆலையில்.
ஞாயிறு இரவுகளில் இருவரும்
விளையாட்டில் ஒரு தீவுக்குப் போய்
வீடு கட்டுகிறார்களாம்.
அவர் திரையில் மட்டும்
மகள் விட்டு விட்டு நடக்கிறாள்.
பலகையைத் தூக்குகிறாள்,
அப்படியே நிற்கிறாள்,
திடீரென்று கூரையில் இருக்கிறாள்.
அதனால்தான் புது கிராபிக்ஸ் கார்டு.
'புது' என்றபோது தேநீரைப் பார்த்தார்.
கிரிப்டோ தோண்டுகிற எவனோ
மூன்று வருடம் இரவுபகல் ஓட்டிவிட்டு விற்றது.
மாட்டிய நாளிலிருந்து
பீ...ப், பிப், பிப்.
ஒன்று நீளம், இரண்டு குட்டை. பிறகு இருட்டு.

ஆணியைக் கழற்றுமுன் சொன்னேன்:
கம்பளிச் சட்டை, கம்பள நடை.
முதலில் அந்த வெறும் இரும்புக் குழாயைத் தொடுங்கள்.
தொட்டார். 'டக்' என்று நீலப்பொறி.
அது ராமில் இறங்கியிருந்தால்
சத்தம்கூடக் கேட்டிருக்காது.

உள்ளே மூன்று குளிர்காலத்து அடுப்புப் புகை.
ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு
காற்றடித்தேன்; சும்மா சுழலவிட்டால் தாங்கி போய்விடும்.
என் மூக்கும் கறுத்தது.
கார்டின் தலையில் ஆறு துளை
வாய் திறந்தபடி.
அதற்கும் தனிக் கம்பியா என்றார்.
அதற்கும் பசிக்குமே.
உங்கள் பவர் சப்ளை முந்நூறு வாட்,
இந்தக் கம்பியே அதில் கிடையாது.
ஆட்டுக்கு வைத்த தீவனத்தில்
ஒட்டகத்தைக் கட்டியிருக்கிறீர்கள்.
முறுக்கி மாட்டும் இணைப்பு சந்தையில் கிடைக்கும்,
கருகும் வாசனையும் கூடவே கிடைக்கும்.

ஐந்நூற்றைம்பது வாட் என்ன விலை?
சொன்னேன்.
அடுத்த நடைக்கு அப்புறம் என்றார்.
கார்டைக் கழற்றி அங்கியின் பைக்குள் வைத்தேன்.

பிறகுதான் பார்த்தேன்:
இரண்டு ராமும் பக்கத்துப் பக்கத்துத் துளையில்,
பேருந்தில் ஒரே இருக்கையில் நெருக்கியடித்த மாதிரி.
தங்கக் காலை ரப்பரால் துடைத்து
ஒன்றை இரண்டாவதில், ஒன்றை நான்காவதில்
'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தினேன்.
ஒரு பீப். ஒன்றே ஒன்று, குட்டையாக.
திரையில் தீவு. அவள் கட்டிய பாதிச் சுவர்.
அவருடைய பொம்மை கடற்கரையில் ஓடிப் பார்த்தது,
தடுக்கவில்லை.
ஒரு துக்ரிக்கும் ஆகவில்லை என்றேன்.
நம்பாமல் இன்னொரு தடவை ஓடினார்.

மறுபடி அங்கி, மறுபடி குளிர்.
லாரி ஏறியவரிடம் கத்தினேன்:
வீட்டிலும் இரண்டு மணி நேரம்!

இரவு ஒன்பது ஐம்பதுக்கு போன்.
ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆச்சு,
அனுஜினுக்கு அங்கே பதினொன்றாகப் போகிறது.
புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.
ஈரம் இல்லை... லேசாகக் குளிர்கிறது.
அப்படியானால் இன்னும் பத்து நிமிடம்.

சரி என்றார். போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கம்
தேநீர் உறிஞ்சும் சத்தம்.