ஈரம் முப்பத்தெட்டு

பல்லடம் ரோடு. மூன்றாம் ஷிப்ட்.
சுவரில் ஈரமானி முப்பத்தெட்டு காட்டுகிறது.
பாலக்காட்டுக் கணவாய்
வாயைச் சாத்திக்கொண்ட மாசி.
காற்று அப்பளமாய் நொறுங்குகிறது.

பாலியஸ்டர் இன்று பேச்சுக் கேட்காது.
உருளையை உரசிப் போகும்போதே
இரும்பிடம் எதையோ பிடுங்கிக்கொண்டு
இழைக்கு இழை ஆகாமல்
மிரண்ட பூனையின் வாலாட்டம்
பருத்து நிற்கிறது.
பிறகு அறுந்து, உருளையையே சுற்றிக்கொள்கிறது.
கொக்கிக் கத்தியால் கீறி எடுக்கிறேன்.
பதினொன்றாவது தடவை.

உரசியதால் புதிதாய் ஒன்றும் பிறக்கவில்லை.
இங்கே ஏறியது அங்கே குறைந்தது.
கூட்டிப் பார்த்தால் சுழி.
எங்கள் சம்பளச் சீட்டுக்கும்
இந்தக் கணக்கு தெரியும்.

ரப்பர் செருப்பைத் தேய்த்தபடி
டிராலி தள்ளிவந்த மாமுனி
என் முழங்கையைத் தொட்டாள்.
சுளீர்.
நான் ஐயோ என்றேன்,
அவள் ஒடியாவில் என்னவோ.
அவள் மேலிருந்ததில் ஒரு பங்கு
இப்போது என் மேல்.

கூடவே சேதி:
"ராப்படி இருவது ரூவா கொறச்சுப்போட்டாங்களாமா."
இங்கே வந்து கற்ற தமிழ்,
அந்த 'ஆமா' வரைக்கும் அச்சு எங்களூர்.
நான் தேன்மதியிடம் சொன்னேன்.
தேன்மதி யாரிடம் சொன்னாளோ,
ஒன்றரை மணிக்குள்
கடைசி மிஷின் வரை ஏறிவிட்டது.

கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார் மேனேஜர்.
யாரையும் தொடவில்லை.
ஒரு சொல் உரசவில்லை.
நடுவே எட்டடி வெறும் காற்று.
ஆனாலும் எங்களுக்குள்
என்னவோ இடம் மாறியது.
பாதிப்பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்,
பாதிப்பேர் பின்சுவரோடு ஒட்டினார்கள்.

பக்கத்தில் வந்து நிற்பதே போதும் போல.
போய்விட்டால்
எல்லாம் பழையபடி கலந்துவிடும்,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவர் நிற்கிறபோதே
யாராவது ஒருத்தி
மண்ணைத் தொட்டு எடுத்தால்தான்
அவர் போன பிறகும்
மிஞ்சும்.

மாமுனி செருப்பைக் கழற்றினாள்.
சுவரோரம் ஓடுகிற செம்புப் பட்டைமேல்
வெறுங்காலை வைத்து
அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
பிறகு காலை எடுத்தாள்.
அதற்கப்புறம்தான் அவர் திரும்பி நடந்தார்.

தண்ணீர் பிளான்ட்டைத் திறந்துவிட்டார்கள்.
மேலிருந்து பூம்பனி இறங்கியது.
நாற்பத்தேழு. ஐம்பத்தி ரெண்டு.
இழைகள் ஒன்றோடொன்று சமாதானமாகிப் படிந்தன.

எங்களுக்கும் டீ வந்தது,
வழக்கத்துக்கு மாறாய், இஞ்சி தட்டிப் போட்டு.

ஈரம் அறுபது.
எவர்சில்வர் டம்ளருக்குக் கை நீட்டினேன்.
அப்போதும்
சுளீரென்றது.